ஆறிய புண்ணும் மீளாத காலும்

"எல்லாவற்றுக்கும் காலமே மருந்து" என்கிறோம். துன்புற்றவர் இதைச் சொன்னால் அது நம்பிக்கை. துன்பம் இழைத்தவரே சொன்னால் அதை ஏற்கலாமா? இதைச் சிந்திக்க நம் தஞ்சை வயல்களின் தவளை உதவுகிறது.

காவிரி நீர் பாய்ந்த நடவு வயலில் தலைப்பிரட்டைகள் திரளாக நீந்துவதைக் காண்கிறோம். இவற்றின் வால் அறுபட்டால் மீண்டும் வளரக்கூடும். கால் அரும்பும் இளம் பருவத்தில் அவ்வரும்பும் அப்படியே. உருமாற்றம் முற்றமுற்ற அத்திறன் குன்றிவிடுகிறது. வளர்ந்த தவளை காலை இழந்தால் புண்ணைத் தோல் மூடும். கால் திரும்பி வராது. நீரிலும் நிலத்திலும் வாழும் மற்றோர் உயிரான சாலமாண்டரோ, வளர்ந்த பின்னும் எலும்பு, தசை, நரம்பு, விரல்களோடு முழுக் காலையும் மீளப் பெறுகிறது. வெட்டுவாயில் உயிரணுக்கள் மொட்டுப்போல் திரண்டு, இழந்த பகுதியையே உருவாக்குகின்றன. இத்தாலியக் குருவும் அறிவியலாளருமான லாசரோ ஸ்பல்லன்சானி இதனை 1768-இல் எழுதி வெளியிட்டார்.

வளர்வதெல்லாம் மீட்சியும் ஆகாது. புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடி குழுவினர், வால் வெட்டப்பட்ட தலைப்பிரட்டைகளுக்கு வைட்டமின் ஏ அளித்தனர். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! 1992-இல் வெளியான இம்முடிவு அறிவுலகை வியக்க வைத்தது. வளரும் ஆற்றலோடு, இழந்தது எது என்னும் நினைவும் உயிரணுவுக்கு வேண்டியிருக்கிறது.

மனித உறவுகளிலும் ஆறுதல் வேறு, மீட்சி வேறு. வரப்பை நகர்த்தித் தம்பியின் நிலத்தைச் சேர்த்துக்கொண்ட அண்ணன், பத்தாண்டுக்குப்பின் திருமணப் பந்தியில் அவனருகே அமர்ந்து சிரித்துப் பேசலாம். புண்ணைத் தோல் மூடிவிட்டது, நிலமோ திரும்பவில்லை. நிலத்துக்கு ஈடாகப் பட்டுவேட்டி எடுத்துக்கொடுத்தால், அது வால் இருந்த இடத்தில் கால் முளைத்த கதைதான்.

பயிர்ப் பூச்சிகளை உண்ணும் தவளைகளின் கால்களை வெட்டி நம் நாடு அயல்நாடுகளுக்கு விற்றுவந்தது. 1987-இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. தீங்கை நிறுத்துவது முதற்படி. ஆயினும் நிறுத்தியதாலேயே வெட்டுண்டவை மீண்டுவிடவில்லை.

தவளை நமக்கு அறம் போதிக்க வரவில்லை. ஆனால் "ஆறிவிட்டது" என்னும் சொல்லுக்குப் பின்னே நாம் ஒளிந்துகொள்வதை அது காட்டிவிடுகிறது. மன்னிப்பது புண்பட்டவரின் பெருந்தன்மை. எடுத்ததைத் திருப்பித் தருவது புண்படுத்தியவரின் கடன். திருப்பித் தர இயலாதவை உண்டு; போன உயிரும் கெட்ட பெயரும் அத்தகையன. அப்போதும், இழந்தது இன்னதென்று அவர் முன் நின்று சொல்லும் கடனேனும் நம்மிடம் எஞ்சியிருக்கிறது.