பயணத்தின் சலுகை யாருக்கு?

தீபாவளி கழிந்ததும் வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் சில நாட்கள் மூடியிருக்கும். ஆண்டு முழுதும் வெயிலிலும் மருந்து நெடியிலும் உழைத்த குடும்பங்கள் வெளியூர் கிளம்புவது பெரும்பாலும் அப்போதுதான். கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் தனி ஆசை. அந்த உறவும் நேற்று ஏற்பட்டதன்று. நம் வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாய்க் கிடைத்தன. கடலின் சங்கு அன்றே நம் ஊர்ப் பெண்களின் கையில் வளையலாகியிருக்கிறது.

சென்ற ஆண்டு நாமும் உறவினர் இரு குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு இராமேசுவரம் தீவை நோக்கிப் புறப்பட்டோம். லாட்ஜ் எடுப்பதில்லை, வேனிலேயே உறங்குவது, கடற்கரையிலேயே சமைத்துச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. இப்போது படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அடங்கிய கேரவன் வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பரவி வருகிறது. கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. சினிமாக்காரர்களின் வண்டியாக நாம் அறிந்த இந்தக் 'கேரவன்' என்ற சொல், காஃபிலாவைக் குறிக்கும் 'கார்வான்' என்ற பார்சிச் சொல்லிலிருந்து வந்தது. நமது வேன் அத்தகைய வசதி உடையதன்று. ஆயினும் நோக்கம் ஒன்றே: வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது.

இதில் மார்க்கத்திற்கு முரணானது எதுவுமில்லை. சூரத்துந் நஹ்லின் 80ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா தன் அருட்கொடைகளைச் சொல்லி வரும்போது, வீடுகளை நமக்கு அமைதித் தலமாக ஆக்கியதையும், பயண நாளிலும் தங்கும் நாளிலும் சுமக்க இலேசான தோல் கூடாரங்களைத் தந்ததையும் சேர்த்தே நினைவூட்டுகிறான். அன்றைய தோல் கூடாரம் இன்று சக்கரம் பூட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மண்டபத்தில், பாம்பன் பாலம் கண்ணில் படும் கரையோரம் வண்டியை நிறுத்தினோம். ளுஹர் நேரம். ஊரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டோம். ஹனஃபி உலமாக்கள் கணக்கிட்டுச் சொல்லும் 48 மைலைக் கடந்துவிட்டதால் நாம் முஸாபிர்கள். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். ஆண்கள் பாயை விரித்துக் கடற்காற்றில் சாய்ந்தோம். சலுகை தந்த இறைவனை எண்ணி உள்ளம் குளிர்ந்தது.

அப்போது நம் இல்லத்தரசி வெங்காயம் உரித்துக்கொண்டே, கோபம் ஏதுமின்றிக் கேட்டார்: "ஏங்க, பயணத்துல நாலு ரக்அத்து ரெண்டாச்சு. இந்தச் சமையல் மட்டும் குறையக் காணோமே? வீட்டுலயாவது குழாய் பக்கத்துல இருக்கும்."

நாம் வாயடைத்துப் போனோம். பயணத்தின் சட்டங்களை எத்தனையோ முறை மிம்பரில் நின்று விளக்கியிருக்கிறோம். கஸ்ர் தொழுகை, ரமளான் நோன்பை வேறு நாட்களில் நோற்கும் அனுமதி, காலுறை மீது மூன்று நாள் மஸ்ஹு, ஜும்ஆ கடமையின்மை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வோம். ஆனால் இச்சலுகைகள் ஏன் வந்தன என்பதை நம் குடும்பத்தோடு பொருத்திப் பார்த்ததில்லை.

பயணம் வேதனையின் ஒரு பகுதி. அது உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. வேதனை இருக்கும் இடத்தில் இறைவன் சுமையைக் குறைக்கிறான். நோன்பின் சலுகையைச் சொல்லும் இடத்திலேயே, அவன் நமக்கு எளிதையே நாடுகிறான் என்ற அறிவிப்பும் வருகிறது. அந்த எளிது ஆணுக்கு மட்டுமா? கஸ்ர் பெண்ணுக்கும் உண்டு. அல்லாஹ் தன் உரிமையிலேயே இருவருக்கும் பாதியைத் தள்ளித் தந்திருக்க, நாம் நமக்குரியதில் ஒரு தட்டைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லையே!

தோழர்களின் பயணம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கடும் வெப்பம். சிலர் நோன்பாளிகள், சிலர் நோன்பு நோற்காதவர்கள். தங்கும் இடம் வந்ததும் நோன்பாளிகள் சோர்ந்து விழுந்துவிட்டனர். நோன்பில்லாதவர்கள் எழுந்து கூடாரங்களை அடித்தனர், வாகனப் பிராணிகளுக்குத் தண்ணீர் காட்டினர். அன்றைய நன்மையை நோன்பில்லாதவர்களே கொண்டுபோய்விட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். சலுகையைப் பெற்றவர்கள் படுத்துக்கொள்ளவில்லை. மிச்சமான பலத்தைப் பிறர் சுமையில் செலவிட்டார்கள். நாமோ சலுகையைப் பெற்றதும் பாயை விரித்தோம்.

அண்ணலாரின் பயணங்களில் குடும்பம் பெற்ற இடத்தையும் காண்போம். ஒட்டகங்களைப் பாடி விரட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருப்பவர் போல மெதுவாக நடத்தச் சொன்னார்கள், ஏறியிருந்தவர்கள் பெண்கள். ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். மற்றொரு பயணத்தில் அன்னையாரின் கழுத்தணி தொலைந்தபோது, தண்ணீரில்லாத இடமென்றும் பாராமல் அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தங்கியது. அந்தத் தாமதத்தில்தான் தயம்மும் வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் தேவைக்காகக் காஃபிலா நின்றதால் உம்மத்துக்கே ஒரு சலுகை கிடைத்தது.

"பெண்கள் இதை மகிழ்ச்சியோடு செய்கிறார்களே, அவர்களுக்கு நன்மை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். நன்மை நிச்சயம் உண்டு. ஆனால் அவர்கள் மனமுவந்து தருவது வேறு, நாம் எண்ணிப் பாராமலே எடுத்துக்கொள்வது வேறு. வீட்டை 'ஸகன்' என்று கூறிய இறைவன், சூரத்துர் ரூமில் கணவன் மனைவியர் ஒருவரிடம் ஒருவர் அமைதி காண்பதற்கும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே ஆளுகிறான். ஒருவர் அமைதிக்காக மற்றவர் அமைதி இழப்பதை அந்தச் சொல் தாங்காது.

இப்படி எண்ணத் தொடங்கிய பின் வேறு முகங்களும் கண்ணில் பட்டன. இரவெல்லாம் வண்டி ஓட்டிவந்த டிரைவர் தம்பியிடம், சூரிய உதயம் பார்க்க வேண்டும், சுபுஹுக்கு முன்பே தனுஷ்கோடிக்குக் கிளம்பலாம் என்று சொல்லி வைத்திருந்தோம். அவர் கண்கள் சிவந்திருந்ததை மாலையில்தான் கவனித்தோம். பயணத்தை மாற்றி அவரை உறங்கவிட்டோம். நாம் தின்று எறிந்த பிளாஸ்டிக் உறைகள், கருவாடு காயப்போட்டிருந்த ஒரு மூதாட்டியின் வலைமீது பறந்து விழுந்தன. அவர் எதுவும் சொல்லாமல் பொறுக்கினார். நமக்கு அது இரண்டு நாள் கூடாரம், அவருக்கு அது வாசல். அந்தக் கடலில்தான் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986 முதல் பாதுகாக்கப்படுகிறது. பவளப்பாறை வெட்டப்பட்டதால் அவற்றுள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பாதையிலிருந்து இடையூறு அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கொண்ட சமுதாயம், கரையில் இடையூறு சேர்த்துவிட்டுத் திரும்பலாமா?

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்தனர். உறங்கும்போது நெருப்பை அணைத்துவிடுமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம். தீயின் குணம் நம் பகுதியினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படுக்கும் வண்டிக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

அன்றிரவு ஆண்கள் சமைத்தோம். சோறு அடிப்பிடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆயினும் சாப்பிட்டார்கள். மறுநாள் ஓட்டலில் வாங்கினோம். செலவு கொஞ்சம் கூடியது உண்மை. பெண்கள் முதன்முறையாகப் பிள்ளைகளோடு அலையில் கால் நனைத்து வெகுநேரம் நின்றார்கள். அந்த முகங்களைக் கண்டபோது, முதல் நாள் நாம் மட்டும் அனுபவித்தது ஓய்வே அல்ல என்று புரிந்தது.

ஆகவே அன்பர்களே! குடும்பத்தோடு கிளம்பும்போது கிப்லாவையும் கஸ்ரையும் விசாரிக்கிறோம், நன்று. இன்னொன்றையும் விசாரிப்போம்: நம் இளைப்பாறுதலின் சுமை யார் தலையில் ஏறியிருக்கிறது? பயண துஆவில் வழித்துணையாக அல்லாஹ்வையே அழைக்கிறோம். அந்தத் துணைவன் நம் வண்டியில் இருப்போர் அனைவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வல்ல நாயன் நம் பயணங்களை உடன் வருவோர் அனைவருக்கும் எளிதாக்கி அருள்வானாக! ஆமீன்.