கண்டவனும் கள்வனும்

ஒரு பொருள் ஒருவருடைய காவலில் உள்ள இடத்தில் அகப்பட்டால், அதற்கு அவர் பொறுப்பாளி என்று சொல்வது நியாயம். அவர்தான் குற்றவாளி என்று சொல்வது வேறு. பொறுப்பு, குற்றம் என்ற இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்றும் இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு மனிதருடைய வாழ்நாளில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் விழுந்து காணாமல் போயிருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொலம்பியாவின் பாரன்கீயா துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'யூபிசி சவன்னா' என்ற கப்பல், மெக்ஸிகோவின் அல்தமீரா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கரியை இறக்கும்போது அதனிடையே மூட்டைகள் தலைகாட்டின. பிரித்துப் பார்த்தால் கொக்கேய்ன். ஏறக்குறைய 225 கிலோ. காப்டன் போலந்து தேசத்தவர். அவர் இறக்கும் வேலையை நிறுத்தினார். கப்பலை நிர்வகித்தவர்களுக்கும் துறைமுக அதிகாரிகளுக்கும் தகவல் அனுப்பினார். நாணயமுள்ள ஒருவரிடம் இதற்கு மேல் எந்தச் சட்டமும் என்ன எதிர்பார்க்க முடியும்?

அதிகாரிகள் வந்தார்கள். கப்பலில் இருந்த 22 பேரையும் நிறுத்தி வைத்தார்கள். மற்றவர்கள் சில மாதங்களில் விடப்பட்டார்கள். காப்டன் மட்டும் சிறைக்குப் போனார். கப்பலில் உள்ளது காப்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் இருந்தால் அதுவே குற்றம் என்பது அவர்மேல் சாட்டப்பட்டதன் சாரம். 2021ஆம் ஆண்டில்தான் அவர் வெளியே வந்தார்.

'தெரிந்திருக்க வேண்டும்' என்ற சொற்றொடரைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சட்டம் படித்தவர்கள் இதை மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சரக்குக் கப்பல் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால் அத்தனை சுலபமாக வாயில் வராது. பல்லாயிரம் டன் நிலக்கரி மேலிருந்து கொட்டும்போது தளம் முழுவதும் கரும்புழுதி. கரையிலிருந்து வந்து போகும் கூலியாட்கள், ஏஜெண்டுகள், சாமான் கொடுக்க வருகிறவர்கள் என்று ஏணியில் ஆள் நடமாட்டம் ஓயாது. கப்பலில் மொத்தமே இருபது சொச்சம் பேர். அவர்களிலும் ஒரு பகுதியினர் தூங்கியாக வேண்டும். ஏணியண்டை ஒருவர் காவல் நிற்கிறார். வருகிறவன் பெயரை எழுதிக்கொள்கிறார். அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று எழுத முடியுமா?

மேலே இப்படி என்றால் நீருக்கு அடியில் இன்னும் மோசம். இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழிகள் கப்பலின் அடிவயிற்றில் உண்டு. அவற்றை இரும்புக் கிராதி மூடியிருக்கும். இரவில் நீந்திவரும் முக்குளிப்பவன் அந்தக் கிராதியைக் கழற்றி, பொட்டலத்தை வைத்துவிட்டு மறுபடி பூட்டிவிட்டுப் போகிறான். சுக்கானின் தண்டு ஏறிப்போகும் பொந்திலும் இதே கதை. சரக்குப் பெட்டிகளில் வேறொரு தந்திரம்: யாரோ ஒரு யோக்கியமான வியாபாரி அனுப்பும் வாழைப்பழப் பெட்டியின் முத்திரையை உடைத்து, பையைத் திணித்து, அதே எண் பொறித்த போலி முத்திரையைப் போட்டுவிடுவது. அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுகிறவருக்கும் தெரியாது, நடுவில் சுமந்து போகிற கப்பலுக்கோ பெட்டியைத் திறக்கும் உரிமையே கிடையாது. உலகத்துத் துறைமுகங்களில் அதிகாரிகளே திறந்து பார்க்கிற பெட்டிகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதித் தொண்ணூற்றெட்டைப் பற்றி அரசாங்கங்கள் அறியாமல் இருக்கலாமாம். காப்டன் மட்டும் அறியாமல் இருக்கக் கூடாதாம்!

இப்படிக் கோபப்படுவது எளிது. ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அது வெறும் பிடிவாதம் அல்ல.

அதே 2019ல், ஒரு மாதம் முன்னதாக, அமெரிக்காவின் பிலடெல்பியா துறைமுகத்தில் 'எம்எஸ்சி கயானி' என்ற பெரிய கப்பலைச் சோதனை போட்டார்கள். ஏழு சரக்குப் பெட்டிகளில் ஏறக்குறைய 18 டன் கொக்கேய்ன். நூறு கோடி டாலருக்கும் மேல் மதிப்பு. அதை ஏற்றியவர்கள் வெளியாட்கள் அல்லர். கப்பல் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே, இருட்டில் படகுகள் பக்கத்தில் வந்தன. கப்பலின் சொந்தப் பளுதூக்கியைக் கொண்டே மூட்டைகளை வலையோடு மேலே இழுத்தார்கள். பெட்டிகளைத் திறந்து, திணித்து, போலி முத்திரை போட்டார்கள். காப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி உட்படக் கப்பலைச் சேர்ந்தவர்கள் பலர் பின்னால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதைப் பார்த்த ஒரு சுங்க அதிகாரி, அடுத்த கப்பலில் ஒரு காப்டன் வந்து, "ஐயா, எனக்குத் தெரியாது" என்று சொன்னால் எப்படி நம்புவார்? தெரியாது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பொய்யர்கள் என்றால், உண்மை சொல்கிறவருடைய முகத்தில் தனி அடையாளம் ஏதும் எழுதியிருக்கவில்லையே. கதை எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரங்களின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் சௌகரியம் உண்டு. நீதிபதிக்கு அது இல்லை. அவருக்குக் கண்ணுக்குத் தெரிவது பொருள் ஒன்றுதான்.

பொருளைப் பார்த்து மனத்தைத் தீர்மானித்த ஒரு வழக்கு தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதற்குமேல் பாண்டியன் கேட்கவில்லை. அரண்மனைக்குள்ளே பழகிய பொற்கொல்லன் உண்மையில் திருடியவன். வெளியூரிலிருந்து சிலம்பை விற்க வந்தவன் வெட்டுண்டான். அந்தக் கதையில் கூட ஒன்றைக் கவனியுங்கள். கோவலன் சிலம்பை வெளிப்படையாகத்தான் கொண்டுவந்து காட்டினான். ஒளித்து வைத்திருந்தால் தப்பியிருப்பான்.

மெக்ஸிகோவில் நடந்ததும் இதுதான். காப்டன் வெளிப்படையாகச் சொன்னதால் மாட்டிக்கொண்டார். எனக்கு இந்த விஷயத்தில் பெரிய கேள்வியாகப் படுவது அவர் பட்ட துன்பம் மட்டும் அல்ல. அவர் கதையைக் கேட்ட மற்ற காப்டன்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதுதான். மாலுமிகளின் உலகம் சின்ன உலகம். அல்தமீராவில் நடந்தது மணிலாவிலும் தூத்துக்குடியிலும் பேசப்படும். இனி ஒரு காப்டன் நடுக்கடலில், நள்ளிரவில், கயிறு வைக்கும் அறையில் ஒரு மூட்டையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் கொடுத்தால் சிறை, குடும்பத்துக்குச் சம்பளம் நிற்கும், பாஷை தெரியாத ஊரில் வக்கீல் தேட வேண்டும். கொடுக்காமல் கடலில் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. தள்ளியது தெரிந்தால் மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் அவரை என்ன செய்வார்கள் என்பது மூன்றாவது பயம். இந்த மூன்று பயங்களில் சட்டத்தின்மேல் உள்ள பயமே பெரியது என்று ஆகிவிட்டால், அந்தச் சட்டம் யாருக்கு உழைக்கிறது?

கப்பல்களில் கடத்தலைத் தடுப்பதற்கு விதிகளுக்குக் குறைவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வகுத்த கப்பல் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கின்றன. போதைப் பொருளுக்கென்றே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006ல் திருத்திய வழிகாட்டு நெறிகள் உண்டு. ஏணியில் காவல், பக்கங்களில் வெளிச்சம், புறப்படும் முன் மூலை முடுக்கெல்லாம் சோதனை, சந்தேகம் உள்ள துறைமுகங்களில் அடிப்புறம் பார்க்க முக்குளிப்பவர்கள். எல்லாம் நல்லவையே. ஆனால் இவை அத்தனையும் கடைசியில் ஒரு மனிதனுடைய வாயில் வந்து நிற்கின்றன: பார்த்தவன் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

சோதனையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காப்டன் தன் ஆட்களுடைய அறைகளையும் துழாவிப் பார்க்கத்தான் வேண்டும். ஆறு மாதம், எட்டு மாதம் ஒரே மேஜையில் உண்டு, ஒரே புயலில் ஒருவரை ஒருவர் நம்பி உயிர் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய படுக்கையைப் புரட்டிவிட்டு மறுநாள் காலையில் எப்படி முகம் பார்ப்பது? தன் அறையை முதலில் திறந்து காட்டுகிற காப்டனுக்கு இது கொஞ்சம் எளிதாகும் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் ஒரே சோதனை என்றால் அது அவமானமாக இராது.

சட்டமும் அதே மாதிரி தன் பையை முதலில் திறந்து காட்டலாம். பொறுப்பாளியை விசாரிக்கட்டும், அவர் ஏணியில் காவல் வைத்தாரா, சோதனை நடத்திக் குறிப்பு எழுதினாரா, கண்டதும் சொன்னாரா என்று கேட்கட்டும். செய்யாதவரை அலட்சியத்துக்காகத் தண்டிப்பதில் தவறில்லை. செய்தவரைக் கடத்தல்காரனோடு ஒரே கொட்டடியில் அடைப்பது என்ன நியாயம்? 2025 மார்ச்சில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சட்டக் குழு, குற்றச் சந்தேகத்தில் பிடிபடும் மாலுமிகளை எப்படி நடத்த வேண்டும் என்று நெறிகள் வகுத்திருக்கிறது. ஆனால் நெறி சட்டம் அல்ல; ஏற்பதும் விடுவதும் அந்தந்த அரசின் விருப்பம்.

உலகத்துக் கப்பல்களுக்கு ஏராளமான மாலுமிகளை அனுப்பும் நாடு என்ற முறையில், இதை எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்த இந்தியாவுக்கு உரிமை உண்டு. ஆனால் நம்முடைய 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிலைநாட்டியாக வேண்டும் என்று 2008ல் சுப்ரீம் கோர்ட் கூறி, இதன் கடுமையைச் சற்றுக் குறைத்தது. பிரிவு என்னவோ அப்படியேதான் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு மெக்ஸிகோவுக்கு நாம் என்ன புத்தி சொல்வது?