பத்துப் பேர் சேராத பள்ளி

கட்டடப் பொறியியல் படிக்கப் போனால் முதல் வருஷத்திலேயே இரண்டு சொற்கள் மண்டையில் ஏறிவிடும்: டெட் லோட், லைவ் லோட். சுவர், தூண், கூரை என்று கட்டடம் தன்னைத் தானே சுமப்பது முதலாவது. மனிதர்கள், மேசை நாற்காலிகள் என்று வந்துபோகிற பாரமெல்லாம் இரண்டாவது. கணக்கில் லைவ் லோடைப் பூஜ்யம் என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார். ஆளே வராத கட்டடத்தை எவன் கட்டுவான்?

போன வருஷம் கேரளாவில் அந்தப் பூஜ்யத்தை நேரில் பார்த்தேன்.

கொச்சிக்கு வடக்கே, பரவூரை அடுத்து, சேந்தமங்கலம் என்று ஒரு ஊர். அங்கே யூதர்களின் சிறிய தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. கேரளாவில் தேவாலயம், மசூதி, யூதர் தொழுமிடம் மூன்றுக்கும் 'பள்ளி' என்றே பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் வசதியான ஒரு பழைய வீடு என்றுதான் நினைப்போம். செம்புரைக்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, மரச்சட்டத்தின்மேல் ஓட்டுக்கூரை. செம்புரைக்கல் விசித்திரமான கல். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும். காற்றுப் படப்படத்தான் இறுகும்.

உள்ளே மரக்கூரையின் அடிப்பகுதியில் தாமரைகள் செதுக்கியிருக்கிறார்கள். கோயில் வேலை செய்த அதே மரபுக் கைகள்தான் இங்கேயும் வேலை செய்திருக்க வேண்டும். மேற்குச் சுவரில் வேதச்சுருள்களை வைக்கும் பேழை. ஜெருசலேம் அந்தத் திசையில் இருக்கிறது. கூடத்தின் நடுவில் வாசிப்பு மேடை. கேரளத்து யூதர்கள் இதோடு நிறுத்தவில்லை. மாடியில் இன்னொரு மேடை கட்டினார்கள், பெண்கள் உட்காரும் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் வேதம் அங்கிருந்து வாசிக்கப்பட்டது. வேறெந்த நாட்டு யூதர்களிடமும் இந்த வழக்கம் கிடையாது. நடுவில் மறைப்பு இருந்தாலும், வாசிப்பவரின் குரல் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள்.

முற்றத்தில் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. 'இஸ்ரவேலின் மகள் சாரா', 1269ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேய எழுத்து இதுதான் என்கிறார்கள். அதற்கும் முன்னால், கி.பி. 1000 வாக்கில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்தான். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. நம் எழுத்தின் பங்காளி எழுத்து.

இவ்வளவு ஆழமாக வேர்விட்டவர்கள் 1950களில் கிளம்பிவிட்டார்கள். யாரும் விரட்டவில்லை. புதிதாகப் பிறந்த இஸ்ரேலுக்குத் தாங்களாகவே போனார்கள். கேரளா முழுக்க இருந்த சுமார் 2,500 பேரில் பெரும்பாலோர் சில வருஷங்களில் இல்லாமலானார்கள். யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். அதை மின்யான் என்பார்கள். பத்து பேர் சேராவிட்டால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. நம் பினாங்கில் நகோர் சாலையில் 1929-இல் திறந்த தொழுகைக்கூடம் 1976-இல் மூடப்பட்டதற்கும் அதே காரணம்தான். பத்து பேர் கிடைக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு கட்டடத்துக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? கொச்சிப் பகுதியிலேயே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உள்மர வேலைப்பாடுகளைப் பிரித்து ஜெருசலேமுக்குக் கொண்டுபோய் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்திவிட்டார்கள். பேழை பரவூரிலிருந்து போனது. அதாவது, ஆட்கள் போன இடத்துக்கே கட்டடமும் போய்ச் சேர்ந்தது. சேந்தமங்கலத்தில் கட்டடம் இருந்த இடத்திலேயே செப்பனிடப்பட்டு, 2006-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா மூன்றாவது பதில் ஒன்று வைத்திருக்கிறது. பாழடைந்த தொழுகைக்கூடத்துக்கும் புனிதம் போகாது. அதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே புல் முளைத்தால் பிடுங்கவும் கூடாது. ஏன் என்றால், பார்க்கிறவன் மனசு வலிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுவரில் செடி முளைத்தால் வேரோடு எடு என்பதுதான் நான் படித்த படிப்பு. சேந்தமங்கலத்திலும் புல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். கேரளத்து மழையில் பத்து வருஷம் ஓடு மாற்றாமல் விட்டால் மரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக் கல்லைத் தின்னும். பராமரிப்பு என்பது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் பளிச்சென்று வெள்ளையடித்த சுவரைப் பார்த்து எனக்கு வலிக்கவில்லை. "அழகா இருக்கு" என்றேன். நான்கு படம் எடுத்தேன்.

சேந்தமங்கலத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு. கோயில் சங்கு, மசூதியின் பாங்கு, தேவாலய மணி, யூதர்களின் கொம்பு, நான்கும் ஒரே இடத்தில் நின்றால் கேட்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்றும் சொல்ல மாட்டேன். யூதர்களுக்கு நிலம் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாலியம் குடும்பத்தின் அரண்மனை இன்னும் அங்கே நிற்கிறது. ஆனால் அந்த அரண்மனைக்கு முன்னால் போகும் சாலையில் தாழ்த்தப்பட்ட சாதியார் நடக்கக் கூடாது என்ற தடை இருந்தது. நடக்கும் உரிமை கேட்டு 1947-48-இல் பாலியம் சத்தியாகிரகம் நடந்தது. இந்தியா சுதந்திரம் வாங்கிய பிறகு! ஒருவர் போலீஸ் அடியில் செத்தும் போனார்.

நான்கு மதத்தின் சத்தமும் தாராளமாகப் போய்வந்த ஊரில், பக்கத்துத் தெருக்காரனின் கால் மட்டும் போக முடியவில்லை.

இதை வைத்து அந்த ஊரின் நல்லிணக்கம் வேஷம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஊர் ஒருவனுக்கு நிலம் கொடுக்கலாம், இன்னொருவனுக்கு வழி மறுக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. போனவர்களை நேசிப்பது சுலபம். அவர்கள் இனி எதையும் கேட்க மாட்டார்கள். இருக்கிறவன்தான் கேட்பான்: வழி, இடம், தண்ணீர்.

இதை எழுதும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. முதல் வேலையில் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்காகப் பழைய தோட்ட நிலத்தின் வரைபடம் தயாரித்தேன். ஓரத்தில் சின்னதாக ஒரு முனீஸ்வரன் கோயில். லயங்கள் எப்போதோ இடிக்கப்பட்டு, சனங்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை; ஆள் நடமாட்டமே இல்லை. 'கைவிடப்பட்ட கட்டமைப்பு, அகற்றுக' என்று குறித்தேன். வேலையிடத்து மேற்பார்வையாளர் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வெள்ளிக்கிழமையானா ஒரு பாட்டி பஸ்ஸேறி வந்து விளக்கு வெச்சிட்டுப் போகுது."

"ஒருத்தர்தானேண்ணே?" என்றேன்.

முனீஸ்வரனுக்குப் பத்து பேர் தேவையில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தையும் மாற்றவில்லை. கோயில் பிறகு சாக்கடையோரம் ஒரு தகரக் கொட்டகைக்கு மாறியது.

சேந்தமங்கலத்து மர மேடைக்கு முன்னால் அரை மணி நேரம் அமைதியாக நின்றவன் நான். அந்தத் தகரக் கொட்டகை என் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷத் தூரம். பாட்டி இன்னும் வருகிறாரா என்று ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போய்ப் பார்க்கவில்லை.