வாயைக் கட்டுவது யார்?

மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரம் கிடையாது. அந்தப் பூசையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் துணியில் ஒரு நேர்மை இருக்கிறது: கட்டுகிறவரும் அவரே, கட்டப்படுவதும் அவர் வாயே.

அரச வானொலியில் அப்படியா?

யுத்த காலத்தில் இரவு 9.15 ஆனால் மட்டக்களப்புப் படுவான்கரையில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி வீடே கூடும். பற்றரி இறங்கிப்போனால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். பிபிசி தமிழோசை. எங்கே ஷெல் விழுந்தது, பிள்ளை நின்ற ஊரா அது? இதைத்தான் தாய்மார் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்களில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலையில் போன அந்தச் செய்திகள் வெட்டப்பட்டன. பொறுக்க முடியாமல் 2009 பெப்ரவரியில் பிபிசி பண்பலைக்குச் செய்தி கொடுப்பதையே நிறுத்தியது.

வெட்டிய கைக்குச் சம்பளம் யார் காசு? குருமண்வெளித் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் பெண்ணின் பையைப் பாருங்கள். அதிலிருக்கும் சவர்க்காரத்திலும் இன்று 18 வீதம் வற் வரி உண்டு. திறைசேரிக்குப் போவது அவள் பணம். அவளை ஊமையாக்க அவளிடமே கூலி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இது தவறு என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. கூட்டுத்தாபனம் 1995இல் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியது. வழக்குப் போட்டவர் அதில் பங்கெடுத்த ஒரு நேயர். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்றும் மறுவருடமே அதே நீதிமன்றம் சொன்னது. பிறகும் என்ன நடந்தது? 2018 ஒக்டோபர் 26 இரவு, பிரதமர் மாறிய கையோடு கட்சிக்காரர்கள் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்குள் புகுந்தார்கள்.

கொழும்பைத் திட்டுவது சுலபம். நம்மைக் கேட்போமா? புலிகளின் குரல் வானொலியில் புலிகளை மறுத்து ஒரு குரல் வந்ததுண்டா? வரவில்லையே என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அன்று பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பயந்தவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் போன பிறகும் அந்த மௌனத்தை இனப்பற்று என்று சொல்லித் திரிகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே வாய் கட்டப்பட்டவர்களும் தமிழர்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

நாளை உங்கள் கட்சி ஆட்சிக்கு வருகிறது என்று வையுங்கள். அதைத் திட்டுகிறவனுக்கும் அரச வானொலியில் இடம் கேட்பீர்களா? இல்லையென்றால் நீங்கள் கேட்பது பேச்சுரிமை அல்ல, ஒலிவாங்கி.

எல்லாருக்கும் இடம் கேட்பதென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கூட்டுத்தாபனத்தின் தகவல் அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், தமிழிலேயே. போன மாதம் அமைச்சர்களுக்கு எத்தனை நிமிடம், எதிர்க்கட்சிக்கு எத்தனை நிமிடம், யானை அடித்துச் செத்த படுவான்கரை விவசாயிக்கு எத்தனை நிமிடம்? கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.