ஒலி எண்ணாகும்போது எது மிஞ்சுகிறது?

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய நினைப்பவர் சவுண்ட் கார்டு வாங்கப் போனால், பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்கள்தான். எண் ஏற ஏறப் பாட்டு நிஜத்தை நெருங்கும் என்று நம்பிக் கையிருப்பைத் தாண்டிச் செலவழிப்பவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு பழைய தத்துவக் கேள்வி கிடக்கிறது. இடைவிடாமல் ஓடும் ஒன்றைத் துண்டு துண்டாக அளந்துவிட்டு, மறுபடி முழுதாகப் பெற முடியுமா?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எலியா நகரத்து ஜீனோ இதைத்தான் கேட்டார். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்கிறதென்றால், அது நகர்வது எப்போது? சவுண்ட் கார்டும் அம்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு கமகத்தின் நெளிவு நழுவிப் போயிருக்காதா?

போகாது. 1928இல் ஹாரி நைக்விஸ்ட் போட்ட அடித்தளத்தின் மேல் 1949இல் கிளாட் ஷானன் நிறுவிய தேற்றம் அதற்கு உறுதி சொல்கிறது. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேலான வேகத்தில் அளந்தால், நடுவில் இருந்தது முழுவதும் அந்த எண்களிலிருந்தே திரும்பக் கிடைத்துவிடும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு 44,100 போதும். 2007இல் மேயர், மோரான் என்ற இரு அமெரிக்கர்கள் உயர்தர ஒலித்தட்டுகளை நேராகவும், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியே அனுப்பியும் கேட்கவைத்து, எது எதென்று சொல்லச் சொன்னார்கள். 500க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை ஏறக்குறையப் பாதிதான். நாணயம் சுண்டிச் சொன்னாலும் அதே பாதி கிடைத்திருக்கும்.

ஆக, 192க்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பிட் விஷயம் வேறு. ஒவ்வோர் அளவையும் எழுத 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1,67,77,216. இந்தக் கூடுதல் படிகள் பதிவு செய்பவருக்குத்தான் உதவும். கெயினைக் குறைத்து வைத்துக்கொண்டு பயமில்லாமல் பாடலாம். பல கருவிகளில் பாடகி மந்திர ஸ்தாயியில் தொடங்கும்போது கெயின் குமிழருகே விளக்கு பச்சையாக எரியும். மேல் பஞ்சமத்தைப் பிடித்ததும் சட்டென்று சிவக்கும். சிவந்த இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. உண்மையான இழப்பு இங்கேதான் நடக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்சுற்றுகளின் இரைச்சல் மைக்கின் மெல்லிய சிக்னலில் கலப்பது இன்னோர் இழப்பு. அதனால்தான் மதர்போர்டின் மைக் துளையைவிட, வெளியே யுஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் மேல். கண்டென்சர் மைக் என்றால் அதில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இருக்க வேண்டும்.

எண்களில் ஒலி முழுதாக அடங்குகிறது என்றால், கோப்பில் இருப்பது அந்தப் பாட்டேதானா?

மீமாம்சகர்களைக் கேட்டால், எழுத்தொலி என்றும் உள்ளது, மூச்சும் நாவும் அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கின்றன என்பார்கள். நியாய மரபினர் மறுப்பார்கள். ஒலி பிறக்கிறது, அலைக்குப் பின் அலையாகப் பரவி அழிகிறது. அதே ஒலியை மறுபடி கேட்பதாகத் தோன்றுவது இனம் ஒன்று என்பதால்தான். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும்போது எடுக்கும் உதாரணமும் இதுவே: ஒலி செய்யப்படுவது, ஆகவே நிலையாதது.

ஆண்டுக்கணக்கில் ஹார்டு டிஸ்க்கில் மௌனமாகக் கிடந்து, பிளே அழுத்தியதும் எழும் பாட்டு மீமாம்சகருக்குச் சாட்சி சொல்வதுபோலத் தெரியலாம். ஆனால் டிஸ்க்கில் இருப்பது ஒலியைப் பிறப்பிக்கும் குறிப்பு மட்டுமே. ஸ்பீக்கரின் கூம்பு ஒவ்வொரு தடவையும் காற்றைப் புதிதாகத் தள்ளுகிறது. கூடத்தில் ஒரு மாதிரியும் ஹெட்ஃபோனில் வேறு மாதிரியும் கேட்கிறது. வலு நியாய மரபின் பக்கமே.

அப்படியென்றால் மறைந்த பாட்டியின் தாலாட்டைக் கேட்கும் பேரன் கேட்பது போலியா? நிச்சயமாக இல்லை. அவள் மூச்சு மைக்கின் சவ்வை அசைத்தது, சவ்வு மின்னழுத்தமானது, மின்னழுத்தம் எண்ணானது, எண் மறுபடி காற்றை அசைக்கிறது. இந்தக் காரணச் சங்கிலி எங்கும் அறுபடவில்லை. செயற்கை நுண்ணறிவு இன்று அவள் குரலைப் போலவே ஒரு புதுத் தாலாட்டைப் பாடிவிடும். காதுக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஆனால் அந்தப் பாட்டில் அவள் மூச்சு எந்த இடத்திலும் இல்லை. பதிவுக்கு உண்மைத்தன்மை தருவது ஒற்றுமையைவிட இந்தத் தொடர்ச்சிதான். சவுண்ட் கார்டு அதில் ஒரு கண்ணி; தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருப்பதே அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது.

அந்தத் தொடர்ச்சி அறுபடாதிருக்க, இருமலையும், அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தத்தையும் நீக்குபவர்கள் அதைத் தனிப் பிரதியில் செய்துகொண்டு, மூலத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர மோனோ பதிவு 520 எம்பிக்குள் அடங்கிவிடும்.