இனிய குரலும் பிரித்த இருக்கையும்

இனிய குரலொன்றை விரும்பிக் கேட்பவன், அக்குரல் எந்த மண்டபத்தில், எவர் முன்னிலையில் ஒலித்தது என்றெல்லாம் ஆராயவேண்டுமா? கேட்டு இன்புற்றால் போதாதா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். அமெரிக்க மெல்லிசைப் பாடகர் நற் கிங் கோலைப் பற்றி நான் சற்று உருக்கமாகவே பேசிக்கொண்டிருந்தபோது, "அவர் பாடின மண்டபத்திலை அவற்றை ஆக்கள் இருந்து கேக்கலாமோ, சேர்?" என்று அவன் கேட்டான். அன்று நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அப்பாடகர்களை நான் அறிந்தது என் பாட்டனார் வழியாக. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த அவர், 1950களின் இறுதியில் மாற்றலாகி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது ஒரு வானொலிப் பெட்டியையும் சில இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அக்காலத்து மேல்நாட்டு மெல்லிசையை நம் நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் பெட்டியும் தட்டுகளும் போயின. முதுமையில் அவரிடம் எஞ்சியிருந்தது முணுமுணுப்பு ஒன்றே. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்களை மூடியபடி அவர் முணுமுணுப்பதைக் கேட்டே நான் வளர்ந்தேன். ஆகவே இவ்விசையைப் பற்றி வெளியாளாக நின்று தீர்ப்பு வழங்க எனக்கு இயலாது.

இக்கலையின் தன்மையை முதலில் நோக்குவோம். ஒலிவாங்கி பெருவழக்காவதற்கு முன், அரங்கப் பாடகன் தன் குரலைக் கடைசி வரிசைவரை எறியவேண்டியிருந்தது. சிலர் கூம்பு வடிவான குழலை வாயருகே பிடித்துப் பாடினர். 1925ஆம் ஆண்டளவில் மின்வழி ஒலிப்பதிவு வந்தது. பிங் கிரொஸ்பியும் அவர் வழிவந்தோரும் முழக்கத்தைக் கைவிட்டு, அருகிலிருப்பவரோடு பேசுவதுபோலப் பாடலாயினர். ஆயிரம்பேர் கூடிய அவையிலும் ஒவ்வொருவரும் தமக்கெனவே அப்பாட்டுப் பாடப்படுவதாக உணர்ந்தனர். இந்நெருக்கத்தைக் கண்டு அஞ்சியவர்களும் உளர். 1932இல் பொஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓகொனெல் இவ்வகைப் பாடல்களை ஒழுக்கக்கேடானவை என்று கண்டித்தார். 1944 ஒக்ரோபரிலோ, பிராங்க் சினாட்ராவைக் காணப் பல்லாயிரம் இளையோர் நியூயோர்க்கின் பரமவுண்ட் அரங்கின் முன்னே திரண்டு தெருவையே அடைத்துவிட்டனர்.

இக்கலையின் ஆற்றல் எங்குளதோ அங்கேயே அதன் மயக்கமும் உளது. உனக்காகவே பாடுகிறேன் என்பதுபோல் ஒலிக்கும் குரல், பக்கத்து இருக்கையில் இருப்பவர் யார், இருக்க அனுமதிக்கப்படாதவர் யார் என்பதை மறக்கச் செய்துவிடுகிறது.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் நற் கிங் கோல் பாடிக்கொண்டிருந்தார். அது அவர் பிறந்த மாநிலம். 1919இல் மொன்ற்கொமரி நகரில் பிறந்து, சிக்காகோவில் வளர்ந்தவர் அவர். ஆனால் அன்று மண்டபத்திலிருந்து கேட்டவர்கள் வெள்ளையர். கறுப்பின மக்களுக்கென வேறொரு காட்சி ஒதுக்கப்பட்டிருந்தது. மக்களை நிறத்தாற் பிரித்து வைப்பதே அந்நகரின் ஒழுங்குவிதி. பாட்டின் நடுவே வெள்ளை இனவெறியர் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைத் தாக்கி வீழ்த்தினர். பொலிசார் தலையிட்டு அவர்களைப் பிடித்தனர். சற்று நேரத்தின்பின் அவர் மேடைக்கு மீண்டபோது சபையோர் நெடுநேரம் கைதட்டினர். எனினும் அவரால் தொடர்ந்து பாட இயலவில்லை.

அந்தக் கைதட்டலைப் பற்றி நான் பலமுறை சிந்தித்ததுண்டு. அதனைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மக்கள் உண்மையிலேயே வெட்கமும் இரக்கமும் அடைந்திருக்கக்கூடும். ஆயினும் அவர்கள் எழுந்து வீடு சென்றபோது, அவர்கள் விட்டுச்சென்ற இருக்கைகள் வெள்ளையருக்குரிய இருக்கைகளாகவே இருந்தன. அதே நாட்களில், நூறு மைலுக்கும் குறைந்த தொலைவில், அவர் பிறந்த மொன்ற்கொமரியில், கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏறாது நடந்துகொண்டிருந்தனர். 1955 டிசம்பரில் தொடங்கிய அப்பகிஷ்கரிப்பு ஓராண்டுக்குமேல் நீடித்தது. மொன்ற்கொமரியின் பேருந்து இருக்கைகளை விடுவித்தவை அக்கால்களும் அவற்றோடு சேர்ந்து நடந்த வழக்குமேயாகும். நெஞ்சம் உருகுவது வேறு, விதி மாறுவது வேறு என்பதை இவ்விரு காட்சிகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

கறுப்பினத்தவரின் பத்திரிகைகள் கோலைக் கடுமையாகக் கண்டித்தன. பிரித்த மண்டபத்திற் பாடுவது தம் மக்களுக்கு இழுக்கு என்றன. தாம் ஒரு பாடகர், இயக்கம் நடத்துபவர் அல்லர் என்பதே அவர் நிலைப்பாடாக இருந்தது. கலை கலைக்காகவே என்னும் பழைய வாதத்தின் இன்னொரு வடிவம் இது என்று நம்மிற் பலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுவர். நானும் மாணவப் பருவத்தில் அவ்வாறே கூறியிருப்பேன்.

ஆனால் அம்மனிதர் நின்ற இடத்தையும் நாம் பார்க்கவேண்டும். 1948இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெள்ளையர் வாழும் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது அயலார் எதிர்த்தனர். விரும்பத்தகாதோர் இங்கு வருவதை விரும்பவில்லை என்று அவர்கள் சொல்ல, தாமும் விரும்பவில்லை என்றும், அத்தகையோர் வரக் கண்டால் முதலில் முறையிடுபவர் தாமே என்றும் அவர் பதிலிறுத்தாராம். 1956 நவம்பரில் தொடங்கிய அவரது தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நாடளாவிய நிலையான விளம்பரதாரர் கிடைக்கவில்லை. 1957 டிசம்பரில் அது முடிவுற்றது. அவர் குரலை இசைத்தட்டில் விற்றுப் பொருளீட்டிய மூலதனம், அவர் முகத்தருகே தன் பண்டத்தின் பெயரை வைக்கக் கூசியது. இத்தகைய ஒருவரை நோக்கி, "நீ ஏன் மறுக்கவில்லை?" என்று கேட்குமுன், மறுப்பதற்கு அவரிலும் அதிக வலிமை படைத்தோரை அல்லவா நாம் கேட்கவேண்டும்?

சினாட்ராவை எடுத்துக்கொள்வோம். 1945இல் இனவெறுப்பைக் கண்டிக்கும் குறும்படமொன்றில் தோன்றிப் பாடியவர் அவர். அவரே 1981இல், கலாசாரப் பகிஷ்கரிப்பு நடைபெற்ற காலத்தில், தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சி அமைத்த 'தாயகம்' ஒன்றிலிருந்த சன் சிற்றியிற் பாடினார். மறுத்திருந்தால் அவருக்குக் குறைந்திருக்கக்கூடியது பணம் மட்டுமே. மறுத்து வாழ்ந்தவரும் உளர். தம் கொள்கைக்காகப் போல் ரோப்சன் 1950 முதல் 1958 வரை கடவுச்சீட்டை இழந்திருந்தார். 1957இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்குக் கடல்கடந்த தொலைபேசி வழியாகவே அவர் பாட நேர்ந்தது. அத்தகைய துணிவை நாம் போற்றவேண்டும். ஆனால், அதனைப் பிறரிடம் கடனாகக் கேட்கும் உரிமை, தாமும் ஏதோ ஒன்றை இழக்கத் துணிந்தவர்க்கே உண்டு.

கோலும் அந்த இரவோடு நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே 500 டொலர் செலுத்திக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் ஆயுட்கால உறுப்பினரானார். 1965இல், 45 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். என் பாட்டனாரின் வானொலியைப் பற்றி அம்மா சொன்ன செய்தி ஒன்று உண்டு. மாலை வேளைகளில் அதைக் கேட்க அயலார் பலர் வருவார்கள். வீட்டாரும் உறவினரும் விறாந்தையில் இருப்பார்கள். எங்கள் வளவிற் பனையேறியவரும் அவர் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். "ஐயா அவையளுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்" என்று அம்மா அதனைப் பெருமையாகவே சொன்னார். பாட்டனார் கொடியவர் அல்லர். சத்தத்தைக் கூட்டியது அவரது இரக்கம். படலையைத் திறந்து உள்ளே வந்து இருக்கச் சொல்லாதது அவர் ஏற்று வாழ்ந்த விதி. கறுப்புப் பாடகர் ஒருவருடைய குரலில் உருகிய அதே மனிதர், தம் வேலியருகே ஒரு பேர்மிங்ஹாம் மண்டபத்தைக் கட்டிவைத்திருப்பதை இறுதிவரை காணவில்லை. அம்மா சொன்னபோது நானும் காணவில்லை. என் மாணவன் கேட்ட பின்னரே கண்டேன்.

ஆகவே அம்மாணவனுக்கு இன்று என் மறுமொழி இதுதான். அப்பாடல்களை நான் தொடர்ந்து கேட்பேன். இனிமை குற்றமன்று, உழைத்துக் களைத்த மனிதனுக்கு அது உரிய பங்கு. ஆனால் அந்நாட்களை நினைந்து உருகும்போது, மேடையையும் விளக்கையும் மட்டும் நினைக்கமாட்டேன். வேறு காட்சிக்காக வெளியே காத்திருக்க வைக்கப்பட்டவர்களையும், எங்கள் வேலிக்கு அப்பால் இருட்டில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்தே நினைப்பேன். அப்பிள்ளைகளுள் ஒருவரின் பேரன் இன்று என் வகுப்பில் இருக்கக்கூடும். நமது பாடசாலையில், கோயில் வீதியில், கலியாணப் பந்தியில் இன்னும் எவர் வெளியே நிற்கிறார் என்று பார்க்கும் கண்ணை அந்நினைவு நமக்குத் தரவேண்டும். பார்த்தபின் சத்தத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடாமல், எழுந்துபோய்ப் படலையைத் திறப்பது நம் கடன்.