மீன் யார்?

போக்கர் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்து, ஆட்டம் சரியாகப் பிடிபடாமல் பணத்தை விட்டுக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பெயர் உண்டு: ஃபிஷ், அதாவது மீன். கையில் நிறையப் பணம் வைத்துக்கொண்டு அதேபோல் விடுகிறவன் திமிங்கலம். இவர்களைத் தேடிப் பிடித்து ஆடுகிறவன் சுறா. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அதன் முதல் குறளிலும் ஒரு மீன் வருகிறது. சூதில் ஜெயிப்பது, மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது மாதிரி என்கிறார் வள்ளுவர். இரண்டும் ஒரே மீன் இல்லை. போக்கர்காரர்களுக்குத் தோற்பவன் மீன். வள்ளுவருக்கு ஜெயித்தவன் மீன்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஒரு கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிக்கு நல்லது கெட்டது உண்டா? வெறும் சொல்தானே என்று விட்டுவிடலாமா?

நம் வீடுகளில் சீட்டு புதிதல்ல. தீபாவளிக்கு வருகிற உறவினர்கள் பான் லக் ஆடுவார்கள். இழவு வீட்டில் இரவு முழுக்கக் கண் விழிக்க ஒரு கட்டுச் சீட்டு எங்கிருந்தோ வந்துவிடும். ஆனால் என் வயதுக்காரர்கள் போக்கரைக் கற்றுக்கொண்டது மாமா சித்தப்பாவிடம் இல்லை, கைப்பேசியில். யூடியூபில் பார்த்து, ஆப்பில் ஆடிப் பழகியது. அதனால் அதன் சொற்களும் ஆங்கிலத்திலேயே வந்து தமிழ் வாக்கியத்துக்குள் உட்கார்ந்துவிட்டன. "அவன் டில்ட்ல இருக்கான்", "ஆல்-இன் போயிட்டேன்டா", "பேசாம ஃபோல்ட் பண்ணிரு". ஆடாதவர்களும் இப்போது இப்படிப் பேசுகிறார்கள். வேலை இடத்தில் ஒரு திட்டத்துக்காக ராத்திரி பகலாக உழைப்பவன் 'ஆல்-இன்', காதலைச் சொல்லாமல் விலகிக்கொண்டவன் 'ஃபோல்ட்'.

தொழிலுக்குத் தொழில் தனிப் பேச்சு இருப்பது இயல்பு. அதிலும் போக்கரின் சில சொற்கள் நிஜமாகவே புத்திசாலித்தனமானவை. டில்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்பால் இயந்திரத்திலிருந்து வந்தது. ஆடுகிறவன் ஆத்திரத்தில் இயந்திரத்தைச் சாய்த்தால் 'டில்ட்' என்று விளக்கு எரியும், ஆட்டம் நின்றுவிடும். போக்கரில் தோல்விக் கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவதற்கு அந்தப் பெயர். ஒருவன் தன்னையே பார்த்துச் சொல்லிக்கொள்ளக்கூடிய சொல் அது. நண்பன் தோளைத் தட்டி, "டில்ட்ல இருக்க, எழுந்து வா" என்று சொல்லலாம். வேரியன்ஸ் இன்னொன்று. சரியான முடிவு எடுத்தும் தோற்கலாம், தப்பான முடிவு எடுத்தும் ஜெயிக்கலாம், ஒரு நாள் முடிவை வைத்து ஆட்டத்தை எடைபோடாதே என்பது அதன் பொருள். ஒரு பொறியாளனாக அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். வாழ்க்கையிலும் நிறைய பேருக்கு அது தேவைப்படுகிறது.

ஆனால் தோல்விக்கு அங்கே எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒருவன் கையில் இரண்டு ஏஸ், இன்னொருவன் கையில் இரண்டு ராஜா என்றால், ஏஸ் வைத்திருப்பவன் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 82 விழுக்காடு. மீதி 18 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக, அவன் தோற்கத்தான் வேண்டும். அது கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் தோற்றவுடன் அதற்குப் பெயர் 'பேட் பீட்'. இரண்டு பேர் கையிலும் பெரிய சீட்டு வந்து, சின்னது வைத்திருந்தவன் மாட்டிக்கொண்டால் 'கூலர்'. கடைசிச் சீட்டில் கை நழுவினால் 'ரிவர்ட்'. ஜெயித்தால் இப்படித் தனித்தனிப் பெயர் சொல்லி யாரும் புலம்புவதில்லை. ஜெயிப்பது 'நல்லா ஆடினேன்', தோற்பது என்னவோ எனக்கு நடந்தது.

நம் ஊர் நாலு நம்பரிலும் இதே கதைதான். நினைத்த எண்ணுக்குப் பக்கத்து எண் விழுந்தால், "சே, ஒரு நம்பர்ல போச்சு" என்போம். 4567 எடுத்தவனுக்கு 4568 விழுந்தாலும் ஒன்றுதான், 0912 விழுந்தாலும் ஒன்றுதான். பத்தாயிரம் எண்களில் எதுவும் எதற்கும் கிட்டத்தில் இல்லை. மேக்னமில் 'பிக்' பந்தயத்துக்கு ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அப்புறம் 180 வெள்ளி வீதம் பத்து, 60 வெள்ளி வீதம் பத்து. கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்ணையும் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கினால் திரும்பி வருவது அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கு 64 சென். மீதி 36 சென் கடையிலேயே போய்விட்டது. 'ஒரு நம்பர்ல போச்சு' என்ற வார்த்தை அந்த 36 சென்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. அடுத்த குலுக்கலுக்கு நம்மை வரவைப்பதுதான் அதன் வேலை. 60 வெள்ளிப் பரிசுக்கு ஆறுதல் பரிசு என்று பேர் வைத்ததும் சும்மா இல்லை.

பணத்தைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். போக்கர் மேசையில் பணம் பணமாக இருப்பதில்லை. சிப்ஸ், ஸ்டாக், பை-இன் என்று ஆகிவிடுகிறது. அமெரிக்கச் சூதாடிகள் பேச்சில் ஆயிரம் டாலருக்கு 'டைம்' என்று பெயர். டைம் என்பது அங்கே பத்து சென் நாணயம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு மாதச் சம்பளத்தை விடப் பெரிய தொகையைச் சில்லறைக் காசின் பெயரால் அழைக்கும்போது, கை நடுங்காமல் தள்ளிவிட முடிகிறது. அந்த வசதிக்குத்தான் அந்தச் சொல்.

இது வரைக்கும் ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் கதை. அவன் பணம், அவன் பாடு என்று சொல்லலாம். மீன் என்ற சொல் அப்படி இல்லை. அது இன்னொருவன் மேல் ஒட்டும் பெயர்.

இதைப் பற்றிப் போக்கர் ஆடும் நண்பன் ஒருவனிடம் பேசியபோது அவன் சொன்ன பதில் நியாயமானதாகவே இருந்தது. "யாரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரல. அவனா வர்றான், விதி தெரிஞ்சு உக்கார்றான். நான் ப்ளஃப் பண்ணுவேன்னு அவனுக்குத் தெரியும், அவனும் பண்ணலாம். இதுல பொய் எங்க இருக்கு?" ப்ளஃப் விஷயத்தில் அவன் சொல்வது சரிதான். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்குள் ஏமாற்றுவது பொய்யில் சேராது. கால்பந்தில் இடது பக்கம் காட்டி வலது பக்கம் போவதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை.

ஆனால் போக்கர்காரர்களிடம் இன்னொரு பழமொழி இருக்கிறது: கண்ணாடியைத் தட்டாதே. மீன்தொட்டியின் கண்ணாடி. தப்பாக ஆடி உன் பணத்தை ஜெயித்துவிட்ட மீனைத் திட்டாதே, அவன் தப்பை அவனுக்கு விளக்காதே. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான், இல்லாவிட்டால் கற்றுக்கொண்டுவிடுவான். சிரித்துப் பேசு, 'நைஸ் ஹேண்ட்' என்று சொல், உட்கார வை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மேசையைத் தேர்ந்தெடுப்பதே மீன் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான். அந்த மீன் எழுந்து போய்விட்டால் மேசையே கலைந்துவிடுவதும் உண்டு.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். இங்கே மரியாதை இரையாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் களைத்திருக்கிறானா, குடித்திருக்கிறானா, விட்டதைப் பிடிக்க அவசரப்படுகிறானா என்று நாம் கவனிக்கிறோம். சாதாரணமாக ஒரு மனிதனை அவ்வளவு கூர்ந்து கவனிப்பவன் அவனுக்கு நண்பனாக இருப்பான். இங்கே அதே கவனம் வேறு எதற்கோ பயன்படுகிறது. நடுவில் நின்று அதைச் சுலபமாக்கிக் கொடுப்பது மீன் என்ற அந்தச் சின்னச் சொல். அவன் ஒப்புக்கொண்டு வந்தது பணத்தைப் பந்தயம் வைக்க. தன் முகத்தை யாரும் எடுத்துக்கொள்ள அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

டாக்டர்கள், மெக்கானிக்குகள், ஆசிரியர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ஏதாவது பெயர் வைத்துத்தானே பேசுகிறார்கள் என்று கேட்கலாம். பேசுகிறார்கள், அதிலும் அசிங்கம் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியர் மாணவனை மக்கு என்று கேலி செய்தாலும், அவன் தேறினால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மீன் தேறிவிட்டால் சுறாவுக்கு வருமானம் போய்விடும். அவன் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புவதும் அந்தச் சொல்லில் சேர்த்தி.

ஒரு சொல் மனிதனை என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமல்ல. நான் இருப்பது தஞ்சோங் கிளிங். தஞ்சோங் என்றால் மலாயில் முனை. கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கடல் கடந்து வந்த நம்மவர்களுக்கு ஒரு காலத்தில் அது வெறும் அடையாளப் பெயர். மலாக்கா நகரில் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய பள்ளிவாசலுக்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசல் என்றுதான் பெயர். இன்று அதே சொல்லை யாராவது நம் முகத்துக்கு நேராகச் சொன்னால் சண்டைதான். எழுத்து ஒன்றும் பெரிதாக மாறவில்லை. சொன்னவர்கள் அதைச் சொல்லும்போது எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதுதான் மாறியது. மீனும் அந்தச் சொல்லும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அந்தக் காயம் வேறு. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். சொன்ன பிறகு ஆள் மறைந்து வகை மட்டும் நிற்கிறது.

அதனால் எனக்கு ஒரு சோதனை தோன்றுகிறது. இந்தச் சொல்லை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? 'டில்ட்ல இருக்க' என்று சொல்லலாம். 'ப்ளஃப் பண்ற' என்று சொல்லலாம், அது ஆட்டத்தின் ஒரு பகுதி. 'நீ மீன், அதனாலதான் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்' என்று சொல்ல முடியாது. சொன்னால் ஆட்டமே முடிந்துவிடும். ஒளித்து வைத்தால்தான் வேலை செய்யும் சொல் என்றால், அங்கே ஏதோ தப்பு இருக்கிறது.

இந்தியாவில் இந்த ஆட்டங்களைப் பற்றிய வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே சொல்லைச் சுற்றித்தான் நடந்தன: திறன். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்றது. தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள், அந்தத் தடை அவற்றுக்குச் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டம், திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது.

போக்கரில் திறன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வள்ளுவருக்கும் இருந்திருக்காது. அதே அதிகாரத்தில் கவறு, கழகம், கை என்று மூன்றைச் சொல்கிறார். கவறு என்றால் சூதாடும் காய். கழகம் என்றால் அங்கே சூதாடும் இடம். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். கை என்பதை ஆடுகிறவனின் கைத்திறமை என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கைத்திறமையில் பெருமை கொண்டு விடாமல் ஆடியவர்களும் ஒன்றுமில்லாதவர்களாகிப் போனார்கள் என்பதுதான் குறளின் பேச்சு. நீதிமன்றத்தின் கேள்வி, திறன் இருக்கிறதா இல்லையா என்பது. அந்தத் திறன் யாரிடமிருந்து சம்பாதிக்கிறது என்பதற்கு மேசையில் புழங்கும் சொற்களே பதில் சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது: ரேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவியும் பணத்திலிருந்து ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு. பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கும். மேசையில் ஒன்பது பேர் உட்கார்ந்து விடிய விடிய ஆடினால், ஒன்பது பேர் கையிலும் சேர்த்து இருக்கும் பணம் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சுறாவும் அதைக் கட்டுகிறான், மீனும் கட்டுகிறான். ஜெயிக்கிற கைகளில் ரேக் பிடிக்கப்படுவதால், அதிகம் ஜெயிப்பவன் அதிகம் கட்டுகிறான். விட்டதைப் பிடிக்க வெளியே கடன் வாங்கியவனுக்கு அடுத்து வருவது வட்டி முதலை. அந்தப் பெயரைச் சூதாடிகள் வைக்கவில்லை. நம் ஜனங்கள் வைத்தது, நம் பத்திரிகைகளிலும் வருவது. ஒரு பிராணியின் பெயரை யாருக்கு வைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆடாதே என்று சொல்லும் வயதோ தகுதியோ எனக்கு இல்லை. தீபாவளிக்குப் பத்து வெள்ளி வைத்து மாமாக்களோடு ஆடுகிற பான் லக்கில் யாரும் மீன் இல்லை. தோற்றவனுக்கும் அதே வீட்டில்தான் சாப்பாடு, அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற அளவில் ஆட்டம் இருந்தால் எனக்குச் சம்மதமே.

மற்ற மேசைகளைப் பற்றி ஒன்று மட்டும். முதல் அரை மணி நேரத்தில் மேசையில் மீன் யார் என்று உனக்குத் தெரியவில்லை என்றால் நீதான் மீன் என்பது போக்கரின் பழைய அறிவுரை. ஆடுகிறவர்கள் அதைப் புத்திசாலித்தனமாக நினைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். யார் மீன் என்று தெரிந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத்தான் வள்ளுவர் அந்த முதல் குறளைச் சொல்லியிருக்கிறார்.